பழைய வீட்டு நீராவி ரேடியேட்டருக்கு எந்த அளவு வென்ட் பொருந்தும்?

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றை இன்றும் நீராவிதான் சூடாக்குகிறது. நிலவறையில் ஒரு பாய்லர், நிலவறைக் கூரையை ஒட்டி ஓடும் தடித்த இரும்புக் குழாய்கள், ஒவ்வோர் அறையிலும் ஒரு வார்ப்பிரும்பு ரேடியேட்டர் என்று அமைந்த இந்த ஏற்பாடு, சரியாகப் பராமரித்தால் நூறு ஆண்டுக்குப் பிறகும் உழைக்கும். நியூ ஜெர்சியிலோ பாஸ்டன் பக்கத்திலோ இப்படியொரு வீட்டை வாங்கிக் குடிபோகும் தமிழ்க் குடும்பம் முதல் குளிர்காலத்தில் வழக்கமாகச் சந்திக்கும் சிக்கல் இது: கூடத்தில் வியர்க்கிறது, மாடிப் படுக்கையறையில் கம்பளிக்குள் நடுங்க வேண்டியிருக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கூட்டினால் கூடம் இன்னும் புழுங்குமே தவிர, படுக்கையறையின் குளிர் அவ்வளவாகக் குறையாது. இந்த ஏற்றத்தாழ்வுக்கான காரணத்தைப் பாய்லரில் தேடுவதற்கு முன்னால், ரேடியேட்டரின் ஓரத்தில் திருகப்பட்டிருக்கும் கட்டைவிரல் பருமனுள்ள காற்று வென்ட்டைப் பார்ப்பது நல்லது.

இங்கே சொல்லப்போவதெல்லாம் ஒற்றைக் குழாய் நீராவி அமைப்புக்கு மட்டுமே பொருந்தும் என்பதை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். ரேடியேட்டருக்குள் ஒரே ஒரு குழாய் நுழைந்து, எதிர்ப்பக்கத்தில் ஏறத்தாழப் பாதி உயரத்தில் ஒரு சிறு உலோக வென்ட் இருந்தால், அது ஒற்றைக் குழாய் அமைப்பு. அந்த ஒரே குழாயில்தான் நீராவி மேலே வரும். குளிர்ந்து நீரானதும் அந்த நீர் அதே குழாயின் அடிப்பகுதியில் வழிந்து பாய்லருக்குத் திரும்பும். இரண்டு குழாய்கள் இருந்தால் அது வேறு அமைப்பு. அங்கே நீராவியை வெளியேறாமல் பிடித்து நிறுத்தும் ‘ஸ்டீம் டிராப்’ என்ற வேறொரு கருவி வேலை செய்கிறது. ரேடியேட்டரின் மேல்முனையில் சாவியால் திருகக்கூடிய சிறு குமிழ் மட்டும் இருந்தால், உள்ளே ஓடுவது பெரும்பாலும் வெந்நீர். அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் தொடர்பில்லை.

பாய்லர் அணைந்து ஆறியிருக்கும்போது குழாய்களும் ரேடியேட்டர்களும் வெறுமையாக இருப்பதாகத் தோன்றினாலும், அவை முழுக்கக் காற்றால் நிறைந்திருக்கின்றன. கவிழ்த்த டம்ளரைத் தண்ணீருக்குள் அமுக்கும்போது உள்ளே இருக்கும் காற்று நீரை நுழையவிடாமல் தடுப்பதுபோல, இந்தக் காற்று நீராவியைத் தடுக்கும். காற்று வெளியேறிய இடத்துக்குத்தான் நீராவி வர முடியும். அந்த வெளியேற்றத்துக்கான வழிதான் வென்ட். சாதாரண அழுத்தத்தில் 212 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கும் நீராவி, அதே கன அளவுள்ள அறைக் காற்றின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் இருக்கும் என்பதால், அது ரேடியேட்டருக்குள் நுழைந்ததும் மேலே ஏறி, காற்றைக் கீழ்நோக்கியும் எதிர்ப்பக்கத்தை நோக்கியும் தள்ளுகிறது. வென்ட்டை உச்சியில் வைக்காமல் பாதி உயரத்தில் வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

வென்ட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் அதன் வேலை எளிதில் விளங்கும். பல வகைகளில், மூடிய உலோகக் கூட்டுக்குள் இலேசான ஒரு மிதவை நிற்கிறது. அதன் தலையில் ஒரு மெல்லிய ஊசி, ஊசிக்கு நேர் மேலே கூட்டின் உச்சியில் ஒரு சிறு துளை. மிதவைக்குள் நீரைவிடக் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் திரவம் சிறிதளவு அடைக்கப்பட்டிருக்கும். காற்று வெளியேறிக்கொண்டிருக்கும்வரை ஊசி தாழ்ந்தே இருக்கும். சூடான நீராவி வந்து தொட்டதும் அந்தத் திரவம் கொதித்து மிதவையின் அடித்தகட்டைப் புடைக்கச் செய்ய, மிதவை உயர்ந்து ஊசி துளையை அடைக்கிறது. ரேடியேட்டர் ஆறியதும் ஊசி இறங்கி, துளை திறந்து, காற்று மீண்டும் உள்ளே வருகிறது. பழைய வீடுகளில் ரேடியேட்டருக்கு வண்ணம் பூசியபோது இந்தத் துளையின் மீதும் சேர்த்துப் பூசிவிட்டதுண்டு. அப்படிப்பட்ட ரேடியேட்டர் எவ்வளவு பெரிய பாய்லரை வைத்தாலும் சூடாகாது.

வென்ட்டின் அளவு என்று சொல்லும்போது இந்தத் துளை எவ்வளவு வேகமாகக் காற்றை விடும் என்பதையே குறிக்கிறோம். ரேடியேட்டர் வென்ட்களின் திருகுமுனை பொதுவாக எல்லாவற்றிலும் ஒரே அளவு, எட்டில் ஒரு அங்குலம். வேறுபடுவது உள்ளே இருக்கும் துளைதான். பெரிய வென்ட் போட்டால் ரேடியேட்டர் அதிகச் சூடாகும் என்று தொடக்கத்தில் பலரும் எண்ணுவது இயல்பு. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும்.

முன்பின்னாக மூன்று தூண்களைக் கொண்ட பிரிவுகள் வரிசையாக இணைந்த, 38 அங்குல உயரமுள்ள பழைய ரேடியேட்டரின் ஒவ்வொரு பிரிவுக்கும் 5 சதுர அடி வெப்பப் பரப்பு என்று உற்பத்தியாளர்களின் அட்டவணைகள் மதிப்பிடுகின்றன. பத்துப் பிரிவுகள் இருந்தால் 50 சதுர அடி. நீராவி அமைப்பில் ஒரு சதுர அடி மணிக்கு 240 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் தரும் என்பது இத்துறையின் நிலையான கணக்கு. ஆக, இந்த ரேடியேட்டர் முழுவதும் சூடானால் மணிக்கு 12,000 பி.டி.யு. கொடுக்கும். ஒரு பவுண்டு நீராவி நீராகக் குளிரும்போது ஏறத்தாழ 970 பி.டி.யு. வெளிவருகிறது என்பதால், மணிக்குச் சுமார் 12 பவுண்டு நீராவி இதற்குள் நுழைய வேண்டும். ஒரு பவுண்டு நீராவி சுமார் 27 கன அடி இடத்தை அடைக்கும். அப்படியானால் நிமிடத்துக்கு ஐந்து கன அடிக்கு மேல் நீராவி உள்ளே போகிறது. ஆனால் வேகம் குறைந்த ஒரு ரேடியேட்டர் வென்ட், நிமிடத்துக்கு 0.05 கன அடி போன்ற மிகச் சிறு அளவு காற்றையே வெளியே விடும். உள்ளே போகும் நீராவி, வென்ட் விடும் காற்றைப்போல் நூறு மடங்கு!

இந்த வேறுபாட்டில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. நீராவி இரும்பைத் தொட்டு நீராக மாறும்போது அதன் கன அளவு ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்குகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப மேலும் நீராவி தானாகவே விரைந்து வருகிறது. வென்ட் மூடிய பிறகும் ரேடியேட்டர் இப்படித்தான் தன் பங்கு நீராவியை இழுத்துக்கொள்கிறது. ஆகவே முழுதும் நிறைந்த ரேடியேட்டர் எவ்வளவு வெப்பம் தரும் என்பதை அதன் இரும்புப் பரப்பு தீர்மானிக்கிறது; அது நிறைய எவ்வளவு நேரமாகும் என்பதை வென்ட் தீர்மானிக்கிறது. தெர்மோஸ்டாட் பாய்லரை அணைக்கும்முன் எந்த ரேடியேட்டர் எந்த அளவுக்கு நிறைந்தது என்பதே அந்தந்த அறையின் சூட்டை முடிவு செய்கிறது. வென்ட்டின் அளவைத் தேர்ந்தெடுப்பது முழுக்க முழுக்க நேரத்தைப் பங்கிடும் வேலை என்று எடுத்துக்கொண்டால் பிற்பாடு எதிலும் குழப்பம் வராது.

இந்த அமைப்புகள் அமைக்கப்பட்ட காலத்தில் பாய்லரில் நிலக்கரி எரிந்தது. நிலக்கரி நெருப்பு நாள் முழுதும் கனன்றுகொண்டே இருக்கும். காலையில் ஒருமுறை காற்று வெளியேறிவிட்டால் குழாய்களில் நீராவி இருந்துகொண்டே இருக்கும் என்பதால், வென்ட் மெதுவாக இயங்கினாலும் யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. பாய்லர் எரிவதும் அணைவதுமாக மாறியது. ஒவ்வொரு முறை அணையும்போதும் காற்று உள்ளே வருகிறது, ஒவ்வொரு முறை எரியும்போதும் அது புதிதாக வெளியேற வேண்டியிருக்கிறது. நிலக்கரி காலத்து வென்ட் ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு எரிவாயு பாய்லரை மட்டும் பொருத்திய வீடுகளில் அறைக்கு அறை சூடு வேறுபடுவதில் வியப்பில்லை.

ரேடியேட்டர் வென்ட்களைத் தொடும் முன் நிலவறைக்குப் போக வேண்டும். பாய்லரிலிருந்து கிளம்பும் மெயின் குழாயின் கடைசியில், அல்லது அது பாய்லருக்குத் திரும்பும் இடத்துக்கு அருகில், ஒரு பெரிய வென்ட் இருக்க வேண்டும். பல வீடுகளில் அது அடைத்துப்போய் இருக்கும். சிலவற்றில் கழற்றிவிட்டு வெறும் மூடி திருகியிருப்பார்கள். மெயின் வென்ட் வேலை செய்யாவிட்டால், மெயினில் உள்ள காற்று முழுவதும் ரேடியேட்டர்களின் சிறு வென்ட்கள் வழியாகவே வெளியேறியாக வேண்டும். பாய்லருக்கு அருகிலுள்ள ரேடியேட்டர்கள் முதலில் சூடாகிவிட, கடைசியில் இருப்பவை தம் காற்றோடு மெயினின் காற்றையும் சுமந்து திணறும்.

இதையும் எண்களில் பார்க்கலாம். இரண்டு அங்குலக் குழாயின் ஓர் அடி நீளத்துக்குள் 0.023 கன அடி காற்று இருக்கிறது. ஒரு அங்குலக் குழாயில் 0.006 கன அடிதான். ஓர் எடுத்துக்காட்டு வீட்டில், பாய்லருக்கு அருகே கூடத்தில் 50 சதுர அடி ரேடியேட்டரும், மெயினின் கடைசியிலிருந்து 16 அடி நீள ஒரு அங்குலக் குழாயில் ஏறும் மாடிப் படுக்கையறையில் 30 சதுர அடி ரேடியேட்டரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய தூண் ரேடியேட்டர்களுக்கு ஒரு சதுர அடிக்கு 0.025 கன அடி உள்ளளவு என்று தோராயமாகக் கொண்டால், கூடத்து ரேடியேட்டரில் 1.25 கன அடி காற்றும், படுக்கையறையில் குழாயையும் சேர்த்து 0.85 கன அடி காற்றும் இருக்கின்றன. இரண்டிலும் நிமிடத்துக்கு 0.05 கன அடி விடும் வென்ட் இருந்தால், முதலாவது 25 நிமிடத்திலும் இரண்டாவது 17 நிமிடத்திலும் நிறைய வேண்டும். அதாவது, தொலைவில் இருந்தாலும் படுக்கையறைதான் முந்த வேண்டும். ஆனால் மெயின் வென்ட் அடைபட்டிருந்து, மெயினின் கடைசி 25 அடியில் உள்ள 0.58 கன அடி காற்றும் அந்தப் படுக்கையறை வென்ட் வழியாகவே போக வேண்டியிருந்தால், கணக்கு 29 நிமிடத்துக்கு நீண்டுவிடுகிறது. இரும்பு சூடேறுவதற்கு ஆகும் நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே உண்மையான நிமிடங்கள் வேறாக இருக்கும். ஆனாலும், எங்கே தடை இருக்கிறது என்பதை இது சரியாகவே காட்டுகிறது.

எனவே மெயினுக்கு எவ்வளவு பெரிய வென்ட் வைத்தாலும் தகும் என்பதே என் துணிபு. கார்ட்டன் நிறுவனத்தின் 1, 2 ஆகிய எண்கள் கொண்டவை, ஹாஃப்மன் 75 போன்றவை இந்த வேலைக்கானவை. கார்ட்டன் 2, கார்ட்டன் 1-ஐப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு காற்றை விடும். நீளமான மெயினுக்கு ஒரே கிளைக்குழாயில் இரண்டு மூன்று வென்ட்களைச் சேர்த்துப் பொருத்துவதும் வழக்கம். பாய்லரின் மேலுள்ள குழாய் சூடாகிய பின் சில நிமிடங்களுக்குள் மெயினின் கடைசி முனையும் சூடாகிவிட்டால் போதுமான வென்ட் இருக்கிறது என்று பொருள். வீட்டில் இரண்டு மெயின்கள் இருந்தால், இரண்டின் முனைகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சூடாக வேண்டும்; நீளமான மெயினுக்கு அதற்கேற்ப அதிக வென்ட் தேவை.

மெயின் சரியான பிறகு ரேடியேட்டர்களுக்கு வரலாம். இங்கே கொள்கை நேர் எதிரானது: மெயினில் வேகம், ரேடியேட்டரில் நிதானம். எல்லா ரேடியேட்டர்களுக்கும் மெதுவான வென்ட்டையே முதலில் போட்டுவிட்டு, குளிரும் அறைகளில் மட்டும் படிப்படியாக வேகத்தைக் கூட்டுவது தொடக்கநிலையாளருக்கு மிகப் பாதுகாப்பான வழி என்று கருதுகிறேன். கார்ட்டன், மெய்டு-ஓ-மிஸ்ட் வென்ட்களில் 4, 5, 6, சி, டி என்ற வரிசை மெதுவிலிருந்து வேகத்துக்குப் போகிறது. ஹாஃப்மன் 40 மெதுவான வகை. ஹாஃப்மன் 1ஏ, வென்ட்-ரைட் 1 ஆகியவற்றில் எண்களிட்ட திருகு இருப்பதால் வேகத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம்; எந்த அளவு பொருந்தும் என்று இன்னும் முடிவாகாத நிலையில் இவை மிகவும் உதவும். மெய்டு-ஓ-மிஸ்ட்டில் துளையுள்ள சிறு துண்டை மட்டும் கழற்றி மாற்றும் வசதியும் உண்டு.

ரேடியேட்டரின் பருமனைக் கொண்டும் ஒரு முதல் ஊகம் செய்யலாம். எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் நிறைய வேண்டுமென்றால், இரு மடங்கு காற்றுள்ள ரேடியேட்டருக்கு இரு மடங்கு வேக வென்ட் வேண்டும். ஆனால் தெர்மோஸ்டாட் இருக்கும் அறைக்கு இந்த விதியை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அந்த அறை சூடானதும் பாய்லர் அணைந்துவிடும் என்பதால், அங்குள்ள ரேடியேட்டர் மற்றவற்றைவிடச் சற்றே பிந்தி நிறைவதுதான் வீட்டுக்கு நல்லது. மேலே சொன்ன வீட்டில் கூடத்துக்கு மெதுவான வென்ட்டை வைத்து, மாடிப் படுக்கையறைக்கு 5 அல்லது 6 வைப்பது நியாயமான தொடக்கம். இரண்டு பக்கம் வெளிச்சுவர் உள்ள அறைக்கும், சமையலறை வெப்பம் எட்டாத வடக்குப் பக்க அறைக்கும் இதே சலுகை தரலாம்.

வேகமான வென்ட்டைக் கண்டதும் எல்லா இடத்திலும் அதையே போடத் தோன்றும். ஒற்றைக் குழாயில் நீராவியும் நீரும் எதிரெதிராகச் செல்கின்றன என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். நீராவி மிக வேகமாக நுழைந்தால், திரும்பி வழிய வேண்டிய நீரை அது தடுத்து மேலே தள்ளிவிடும். வென்ட் வழியே நீர் துப்பும், குழாய்க்குள் சுத்தியலால் அடிப்பதுபோன்ற சத்தம் எழும். இன்னொரு தீமையும் உண்டு: நீராவி ரேடியேட்டரை ஒழுங்காக நிரப்பும் முன்பே வென்ட்டை எட்டித் தொட்டு அதை மூடச் செய்துவிட, காற்றின் ஒரு பகுதி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சிறிய ரேடியேட்டரில் டி வென்ட்டைப் பொருத்தினால் இவை எளிதில் நேரும்.

வேகமான வென்ட் தரவேண்டிய பயனை அழுத்தத்தைக் கூட்டிப் பெற முயல்வது அதைவிடப் பெரிய பிழை. காற்று தாராளமாக வெளியேறும்போது அமைப்பில் உள்ள அழுத்தம் ஓரிரு அவுன்ஸ்தான். ஒரு அவுன்ஸ் என்பது ஒரு பி.எஸ்.ஐ.-யின் (ஒரு சதுர அங்குலத்தில் ஒரு பவுண்டு அழுத்தம்) பதினாறில் ஒரு பங்கு. பெரும்பாலான வீடுகளுக்கு 1.5 பி.எஸ்.ஐ.-யில் பாய்லர் அணையும்படி அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியை வைத்திருப்பதே போதுமானது. அதற்கு மேல் கூட்டினால், ஒருமுறை மூடிய வென்ட் அழுத்தத்தால் அழுந்தி மீண்டும் திறக்காமல் போகலாம். நீராவியும் அடர்ந்து மெதுவாகவே நகரும். அந்தக் கருவி அமர்ந்திருக்கும் சுருள் குழாய் சேறடைத்துப்போனால் அது அழுத்தத்தை உணராது என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சுத்தம் செய்ய வைப்பது அவசியம்.

வேலையைத் தொடங்கும்போது ஒரு தாளும் கடிகாரமும் போதும். வீடு நன்றாக ஆறியிருக்கும் காலையில் தெர்மோஸ்டாட்டைக் கூட்டிவிட்டு, மெயின் முனை சூடான நேரத்தையும், ஒவ்வொரு ரேடியேட்டரின் நுழைகுழாய் சூடான நேரத்தையும், பாய்லர் அணைந்தபோது எத்தனை பிரிவுகள் சூடாகியிருந்தன என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வென்ட்டை மட்டுமே மாற்றி, குளிர் நீடிக்கும் சில நாட்கள் பொறுத்துப் பார்த்து, பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். ஓர் அறைக்கு நேரத்தைக் கூட்டினால் மற்றோர் அறையின் பங்கு குறைகிறது என்பதால், பலவற்றை ஒரே நாளில் மாற்றினால் எது எதைப் பாதித்தது என்று கண்டுபிடிக்க முடியாது. தெர்மோஸ்டாட்டில் மணிக்கு எத்தனை சுற்று (பாய்லர் எரிந்து அணைவது ஒரு சுற்று) என்ற அமைப்பு இருந்தால் அது ஒன்று என்றே இருக்கட்டும். நீராவிக்கு நீண்ட, அரிதான சுற்றுகளே ஏற்றவை.

மிதமான குளிர் நாளில் ரேடியேட்டரின் பாதிப் பிரிவுகள் மட்டும் சூடாகி, மீதி குளிர்ந்தே இருப்பதைக் கண்டு கவலைப்படத் தேவையில்லை. அந்தக் காலத்து ரேடியேட்டர்களைப் பெரும்பாலும் தேவைக்கு மேல் பெரிதாகவே அமைத்தார்கள். காற்றோட்டம் நோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையால் சன்னலைத் திறந்து வைத்தாலும் அறை சூடாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் அதற்கொரு காரணம். பிறகு சுவர்களுக்குள் காப்புப் பொருள் நிரப்பி, இரட்டைக் கண்ணாடிச் சன்னலும் போட்ட வீட்டில் அந்த ரேடியேட்டர் முழுதும் சூடாகும் நாள் ஆண்டில் சிலவே இருக்கும். எவ்வளவு மெதுவான வென்ட் போட்டும் ஓர் அறை புழுங்கினால், ரேடியேட்டருக்கும் வென்ட்டுக்கும் இடையே பொருத்தும் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு ஒன்று கிடைக்கிறது. அறை சூடாக இருந்தால் அது காற்றை வெளியே விடாது. காற்று போகாததால் நீராவி வராது. நீராவி ஏற்கெனவே நிறைந்துவிட்ட பிறகு அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் அறிந்தே வாங்க வேண்டும். இதற்குப் பதிலாக ரேடியேட்டரின் அடியிலுள்ள நுழைவு வால்வைப் பாதி மூடி வைப்பது தவறு. ஒற்றைக் குழாயில் அந்த வால்வு முழுதும் திறந்தோ முழுதும் மூடியோதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் திரும்ப வழியின்றி உள்ளே தேங்கிவிடும்.

வென்ட்டைக் கழற்றும் முன் பாய்லரை அணைத்து, ரேடியேட்டர் கைபொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருப்பது கட்டாயம். நீராவி சுட்டால் புண் ஆழமாக இருக்கும். பழைய வென்ட்டை மெல்லத் திருகி எடுத்து, புதியதன் திருகில் டெஃப்லான் நாடாவைச் சுற்றி, துளை மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும்படி பொருத்த வேண்டும். வார்ப்பிரும்பில் மிகையாக இறுக்கினால் திருகுமரை கெட்டுவிடும். கூடவே ரேடியேட்டரின் மீது ஒரு மட்டப்பலகையை வைத்து, அது நுழைகுழாயின் பக்கம் சற்றே சரிந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எதிர்ப்பக்கம் சரிந்திருந்தால் நீர் வென்ட் அடியில் தேங்கி, எந்த வென்ட்டைப் போட்டாலும் துப்பிக்கொண்டே இருக்கும். தூரக் கால்களுக்கு அடியில் ஒரு மெல்லிய மரத்துண்டைச் செருகினாலே இது சரியாகிவிடுவதுண்டு. நிலவறையில் மெயின் குழாய்களைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பழைய உறை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும் என்பதால் அதைப் பிய்க்காமல், உரிமம் பெற்றவர்களைக் கொண்டே சோதிக்க வேண்டும். 1978-க்கு முந்தைய வீட்டின் ரேடியேட்டர் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வென்ட்டைச் சுற்றி அதைச் சுரண்டித் தூசாக்காமல் இருப்பது, குழந்தைகள் உள்ள வீட்டில் மிக முக்கியம்.